கை விட்டவர்கள்

செவலை மாடு தவிட்டுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, தாட்சாயணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. முந்தின நாள் மாலையும் அது சரியாகத் தின்னவில்லை. வாயோரம் எச்சில் நூலாக இறங்கித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எதையோ விழுங்கப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தது.

"மாங்கொட்ட மாட்டிக்கினு கீதுமே," என்றான் அவள் கணவன் லோகேஸ்வரன்.

அந்தச் சமயத்தில் அங்கே யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சித்தூரைச் சுற்றியிருந்த மாங்கூழ் ஆலைகள் இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த நேரம். ஆலைகளிலிருந்து தோலும் கொட்டையும் டிராக்டர் டிராக்டராக ஊருக்குள் வரும். மாடுகள் அதைத் தின்று ருசி கண்டு, வைக்கோலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. போன வருடம் பக்கத்துத் தெருக் கன்று ஒன்று கொட்டை சிக்கிச் செத்ததை ஊரே பார்த்திருந்தது. லோகேஸ்வரனுக்கும் அப்படி ஓர் ஆலையில்தான் வேலை. பழம் சீவிச் சீவி, சீசன் முடியும்வரை அவன் விரல்களில் கத்திக்கீறல் ஆறவே ஆறாது.

சித்தூர்–வேலூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய சின்ன ஊர் அவர்களுடையது. மாட்டுக்கு ஏதாவது என்றால் அங்கே முதலில் கூப்பிடுவது கன்னையாவைத்தான். கன்னையா மாந்தோப்புகளில் காவல் இருப்பவர். மனைவி போன பிறகு அவருக்கென்று யாருமில்லை. கன்று வயிற்றில் திரும்பிக்கொண்டாலும், மாடு கிணற்றில் விழுந்தாலும் ஆள் அனுப்பினால் வந்துவிடுவார். வேலை முடிந்ததும் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் எங்கே படுக்கிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

தாட்சாயணி தானே தோப்புக்குப் போய் அவரைக் கூட்டிவந்தாள்.

லோகேஸ்வரன் கொம்பைப் பிடித்துக்கொள்ள, கன்னையா மாட்டின் வாயில் ஒரு கட்டையைக் குறுக்கே கொடுத்து, வலது கையை உள்ளே விட்டார். முழங்கை வரைக்கும் போனது கை. கிளை உரசிக் கீறல் விழுந்திருந்த கை.

"கொட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார். "நாக்கு சும்மா தொங்கிக்கினு கீது. தொண்ட தளர்ந்து போயிருக்குது லோகேசு."

"அடியில கீதான்னு பாருண்ணா," என்று தாட்சாயணிதான் சொன்னாள்.

அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது கட்டை நழுவியது. மாட்டின் பல் அவர் முன்கையில் இழுத்துக்கொண்டு போனது. அவர் கையை உதறி வெளியே எடுத்தார். கோடுபோல் இரத்தம். துண்டால் துடைத்துக்கொண்டு, "நீ ஒரு வாட்டி பாரு, உங்கை சின்ன கை," என்றார். லோகேஸ்வரனும் கையை விட்டுப் பார்த்தான். அவனுக்கும் எதுவும் அகப்படவில்லை.

தாட்சாயணி ஊற்றிய தண்ணீரில் இருவரும் கை கழுவினார்கள். கன்னையா காப்பியைக் குடித்துவிட்டு, மறுநாள் தான் ஊரில் இருக்கப் போவதில்லை என்றார். ஏர்பேடு பக்கம் ஒரு தோப்பில் காவலுக்கு ஆள் கேட்டிருந்தார்களாம். மாங்காய் லாரி ஒன்று அந்த வழியாகப் போகிறதாம். "வெல்லமும் இஞ்சியும் இடிச்சி வாயில தடவு. சரியாய்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரியாகவில்லை. மறுநாள் செவலை கத்தத் தொடங்கியது. அது மாடு கத்துகிற சத்தமாகவே இல்லை. அடித்தொண்டையில் உடைந்து, பாதியில் அறுந்து, மறுபடி எழும்பியது. மகள் ஹர்ஷினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். மாடு சுவரை முட்டியது. முளைக்குச்சியை முட்டியது. தினமும் தனக்குப் பால் கொடுத்த அந்த மிருகத்தின் கண்ணை அன்று தாட்சாயணியால் பார்க்க முடியவில்லை.

பசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஹரிதா வாசலிலேயே நின்றுவிட்டாள். கொட்டகைக்குள் காலை வைக்காமல், கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்தாள்.

"குக்க ஏமைனா கரிச்சிந்தா? நாய் எதுனா கடிச்சுதா, கொஞ்ச நாள் முன்னாடி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த தாட்சாயணி நிறுத்திக்கொண்டாள். மாங்காய் பிஞ்சாக இருந்த சமயத்தில் தெருநாய் ஒன்று வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்து ஓடியது. இளவட்டங்கள் அதைத் துரத்திப் போய் அடித்துக் கொன்றார்கள். அதற்கப்புறம் செவலையின் பின்னங்காலில் ஒரு காயம் இருந்தது. முள்வேலி கிழித்திருக்கும் என்று மஞ்சள் பூசிவிட்டாள். ஆறியும் போனது.

அவள் சொன்னதைக் கேட்ட டாக்டரின் முகம் மாறியது.

"அம்மா, நல்லா கேட்டுக்கோங்க. இது ரேபிஸ் மாதிரி இருக்கு. மாடு செத்தப்புறம் மூளையிலேர்ந்து எடுத்து திருப்பதி லேபுக்கு அனுப்புவேன். ஆனா அந்த ரிசல்ட்டுக்காக நீங்க காத்திருக்கக் கூடாது. இந்த எச்சில் காயத்துல பட்டவங்க எல்லாரும் உடனே ஊசி போட்டுக்கணும். வர்றதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டா வராது. வந்துடுச்சின்னா அதுக்கு மருந்தே கிடையாது. வாயில யாராவது கை விட்டீங்களா?"

லோகேஸ்வரன் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் மாடு செத்தது. ஜே.சி.பி. வைத்து ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். குழி மூடுவதற்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மாடு கத்தியதை யாரோ போனில் படம் எடுத்து, ஊர்ப் பெயரைப் போட்டு, இந்த ஊர்ப் பாலைக் குடித்தவர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். செவலையின் பால் நாலைந்து வீட்டுக்குப் போனதோடு, பால் சென்டருக்கும் போய் எல்லார் பாலோடும் கலந்திருந்தது. அப்படிப் பார்த்தால் ஊரில் குடிக்காதவரே கிடையாது.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஆட்டோவில் கிழவர்களை ஏற்றி வந்தவர்கள், முந்தின வாரம் வந்து மோர் குடித்துவிட்டுப் போன சம்பந்தி வீட்டுக்காரர்கள். டாக்டர் ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்று தெலுங்கிலும் தமிழிலும் கத்தினார். காய்ச்சின பாலில் ஒன்றும் வராது, காப்பி டீ குடித்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒருவரும் நகரவில்லை. முன்னால் நின்றவனைப் பின்னால் நின்றவன் தள்ளினான். ஒரு பெண் தாட்சாயணியைப் பார்த்து, "ஒங்க மாட்டுக்கு நோவு வந்தா நாங்க சாவணுமா?" என்று கேட்டாள். தாட்சாயணி ஹர்ஷினியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாட்டைத் தொட்டுப் புழங்கியவர்கள் என்று அவர்கள் மூவரையும் முன்னால் அழைத்துவிட்டார்கள்.

அவளுக்கு ஊசி போட்ட நர்ஸ் சபீனா, லோகேஸ்வரனின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வாயில கை வுட்டது நீங்கதானா? காயம் இருக்கே. உங்களுக்கு இந்த ஊசி மட்டும் பத்தாது. காயத்துலயே போடுற மருந்து ஒண்ணு கீது, அது இங்க இல்ல. இப்பவே சித்தூருக்குப் போங்க. வேற யாரு கை வுட்டது?"

தாட்சாயணிக்கு அப்போதுதான் சுரீரென்றது. நேற்றிலிருந்து தன் புருஷன், தன் பெண், தன் கை என்றே ஓடிக்கொண்டிருந்தது அவள் மனம்.

"கன்னையாண்ணன்," என்றாள். "அவருதான் மொதல்ல வுட்டாரு. பல்லு வேற கிழிச்சிடிச்சி."

"எங்க அவரு?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏர்பேடு பக்கம் லாரியில் போனான் என்றது ஒரு குரல். போன் இருந்தும் அதில் சார்ஜ் இருக்காது என்றது இன்னொன்று.

"இங்க நிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஊசியே வேணாம்மா," என்றாள் சபீனா தணிந்த குரலில். "அந்த ஆளுக்குத்தான் வேணும். எப்பிடியாவது கூட்டியாங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து வந்தவர், அன்றைக்கு இருந்த ஊசி தீர்ந்துவிட்டது என்று சொன்னார். வெளியே கண்ணாடி ஒன்று உடைகிற சத்தம் கேட்டது.

சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் லோகேஸ்வரனின் விரல்களுக்குள் மருந்தை ஏற்றியபோது அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகு சுவரோரம் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனி குறுகுறுக்கிறது என்றான். ஊசி போட்டதால்தான் அப்படி என்று தாட்சாயணி எத்தனை முறை சொன்னாலும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னான்.

"கன்னையாண்ணனுக்குப் போன் போடுங்க," என்றாள்.

"போட்டேன். எடுக்கல."

"அப்ப நேர்ல போலாம்."

"எங்க போறது? ஏர்பேட்ல எத்தினி தோப்பு கீது தெரியுமா? அவரு என்னா பச்சக் கொழந்தையா? தானா தெரிஞ்சிக்குவாரு." பிறகு குரலை இறக்கி, "அவருக்கு எதுனா ஆச்சின்னா நம்ம தலைலதான் வுயும். கூப்டுக்கினு வந்தது நாமதான். நாமளே போயி ஏன் சொல்லணும்?" என்றான்.

அவன் கெட்டவன் அல்ல. பயம் அவனை அப்படிப் பேச வைத்தது. அது தெரிந்தும் அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் பால் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் நாராயணசாமி வந்தார். பால் வண்டி அன்றைக்கு ஊருக்குள் வரவில்லை. கறந்த பாலையெல்லாம் ஜனங்கள் கால்வாயில் ஊற்றினார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில், இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"ஒம்மேல தப்பு இல்லம்மா. ஆனா இனிமே ஒண்ணும் பேசாதீங்க. நீ ஏர்பேடு வரிக்கும் போயி எங்க ஊரு மாடு, எங்க ஊரு நோவுன்னு சொல்லிக்கினு திரிஞ்சா, இந்த வருசம் பூரா வண்டி வராது. எத்தினி குடும்பம் இந்தப் பால நம்பிக்கினு கீதுன்னு ஒனக்கே தெரியும்."

"அவரு செத்துட்டா, மாமா?"

நாராயணசாமி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

விடிந்ததும் தாட்சாயணி ஹர்ஷினிக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, கணவனிடம், "நா ஏர்பேட்டுக்குப் போறேன்," என்று மட்டும் சொன்னாள். அவன் போகாதே என்று சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

சித்தூரில் ஏறிய பஸ் திருப்பதி போய்ச் சேரும்வரை அவள் காதில் செவலையின் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. கன்னையா அப்படிக் கத்துவது போல் ஒருமுறை மனதில் தோன்றியபோது, ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். திருப்பதியில் வேறு பஸ் மாறி ஏர்பேட்டில் இறங்கினாள். மாங்காய் மண்டியில் விசாரித்ததில் அந்த லாரி எந்தத் தோப்புக்குப் போனது என்று தெரிந்தது.

தோப்பு வாசலில் மேஸ்திரி ஒருவன் நின்றிருந்தான். கன்னையா பெயரைச் சொன்னதும் இரண்டடி பின்னால் போனான்.

"நுவ்வு ஆ பிச்சிகுக்க ஊரா?" என்றான். வெறிநாய் ஊர். அவள் ஊருக்கு அதற்குள் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. வீடியோ அவன் போனிலும் இருந்தது. கன்னையா காய்ச்சல் வந்து குளிரில் நடுங்கினாராம். அவர் எந்த ஊர் என்பது தெரிந்ததும், தோப்புக்காரர் அவர் துணிமூட்டையைக் குச்சியால் தள்ளி ரோட்டில் போடச் சொன்னாராம். இங்கே நிற்காதே, நீயும் போ என்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் போன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று கேட்டாள். அவன் கையை வீசிக்கொண்டு உள்ளே போனான்.

மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அவள் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தாள். வரதய்யபாளையம் பக்கத்துத் தமிழ்க்காரி.

"நேத்து சாய்ங்காலம் போனாருக்கா. திருப்பதிக்குப் போறேன், சாவறதுன்னா மல அடியிலயே செத்துடறேன்னாரு. பாவமா இருந்துது. சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தேன்." அவள் நிறுத்தினாள். "குடிக்கல. சொம்பப் பாத்ததும் மூஞ்சத் திருப்பிக்கினாரு."

தவிட்டுத் தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பிய செவலை தாட்சாயணியின் கண்ணுக்குள் வந்து நின்றது. வந்துவிட்டால் மருந்தே கிடையாது என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. இனிமேல் போய் என்ன ஆகப்போகிறது, இப்படியே பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

திருப்பதியில் ஒரு மனிதனைத் தேடுவது லேசான காரியமில்லை. ரயிலடியில் தூணுக்குத் தூண் ஆட்கள் படுத்திருந்தார்கள். மொட்டைத் தலைகளும் போர்வைகளுமாக எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். சத்திரத்துக் கூடத்தில் தேடினாள். கோவிந்தராஜர் கோயில் தெருவில், பூக்கடைக்காரியிடமும் செருப்பு பார்த்துக்கொள்பவனிடமும் அடையாளம் சொல்லிக் கேட்டாள். வலது கையில் காயம், பச்சைத் துண்டு, ஒல்லி உடம்பு. அப்படிப்பட்டவர்கள் அங்கே நூறு பேர் இருந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டவர்களிடம் அவள் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அவரை யாராவது கல்லால் அடிப்பார்களோ என்று பயந்தாள். அண்ணன், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார் என்றாள்.

வெயில் சாயும் நேரத்தில் அலிபிரிக்கு வந்தாள். மலையேறுகிறவர்கள் கோவிந்தா கோவிந்தா என்று கூவிக்கொண்டு படியை நோக்கிப் போனார்கள். கூட்டத்தைவிட்டு எட்ட, ஒரு புங்கமரத்தடியில், கால்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பச்சைத் துண்டால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

"அண்ணா."

கன்னையா நிமிர்ந்து பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட வராதம்மா. எச்சி பட்டுடப் போவுது."

குரல் கரகரத்தது. செவலையின் குரலா அது, அல்லது காய்ந்த தொண்டையா என்று அவளுக்குப் புரியவில்லை. கொஞ்சம் தள்ளி மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவர் கண்கள் சிவந்திருந்தன. துண்டுக்கு மேலே தெரிந்த கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்கைக் காயம் பொருக்குத் தட்டியிருந்தது.

"செவல போய்ட்டுச்சாமே?"

"போய்ட்டுச்சிண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்துரு."

"இனிமே எதுக்கு?"

அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் அவர் தலையை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கை அப்படியே நின்றது. கேட்கத்தான் வேண்டும்.

"தண்ணி... குடிக்க முடியலயாண்ணா?"

யார் வீட்டுக் குழந்தையோ படியில் உட்கார்ந்து அடம்பிடித்து அழுதது.

"தெரியல," என்றார் கடைசியில். "தோப்புல சொன்னாங்க, தண்ணியப் பாத்தா பயம் வந்துச்சின்னா அதான் அடையாளம்னு. அப்பலேந்து நா தொடல. குடிச்சிப் பாத்து, தொண்ட புடிச்சிக்கிச்சின்னா தெரிஞ்சி போய்டும் இல்ல? தெரியாதவரிக்கும் பரவால்ல."

தாட்சாயணிக்குச் சட்டென்று புரிந்தது. நோய்க்குப் பயந்து அல்ல, நோய் இருப்பது தெரிந்துவிடுமோ என்று பயந்து இந்த மனுஷன் ஒரு நாள் முழுக்க, இந்த வெயிலில், காய்ச்சலோடு தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் அடுத்த நொடியே போய்விட்டது. ஒருவேளை உண்மையிலேயே முடியாமல் இருந்து, அதைத்தான் இப்படிச் சொல்கிறாரோ?

"குடிக்காம கீறதால இல்லாம போய்டாதுண்ணா," என்றாள். "கையக் காட்டு. நா ஊத்தறேன்."

"வோணாம்மா."

"எனக்கும் பயமாத்தான் கீது. கையக் காட்டுண்ணா."

அவர் துண்டை அவிழ்த்தார். உதடுகள் வெடித்திருந்தன. இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினார். அவள் மெல்ல ஊற்றினாள். தண்ணீர் உள்ளங்கையில் நிறைந்து விரலிடுக்கில் ஒழுகியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

தாட்சாயணி அவர் தொண்டையைத்தான் பார்த்தாள். குரல்வளை மேலே ஏறியது. அங்கேயே நின்றது. அவருக்குப் புரையேறியது. வாய்த் தண்ணீர் மண்ணில் தெறிக்க, முதுகு குலுங்கக் குலுங்க இருமினார். எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. அவள் ஓடவில்லை. பாட்டில் மட்டும் கையில் நசுங்கியது.

இருமல் அடங்கியது. அவர் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் இரண்டு கைகளையும் குவித்தார்.

"ஊத்து."

இந்த முறை உள்ளே போனது. அடுத்ததும் போனது. அவர் கண்ணைத் திறக்காமலே, மூச்சுவிடாமல், மடக் மடக்கென்று குடித்தார். பாட்டில் காலியானதும் "இன்னும் கீதா?" என்று கேட்டார். அவள் குழாயைத் தேடி ஓடினாள். நிரப்பிக்கொண்டு திரும்பி வரும்போது தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்தவன் ஹரிபிரசாத் என்ற இளைஞன். கன்னையாவை உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னான். அட்டையால் முகத்துக்கு நேரே விசிறிப் பார்த்தான். கையில் மரமரப்பு இருக்கிறதா என்று அமுக்கி அமுக்கிக் கேட்டான்.

"இப்போதைக்கு அந்த நோய் அறிகுறி எதுவும் இல்ல," என்றான். "கடிபட்டு இவ்வளவு சீக்கிரம் பொதுவா வராது. பெரும்பாலும் வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும். அதனாலதான் இப்ப போட்டாலும் ஊசி வேலை செய்யுது. காய்ச்சல் வேற எதனாலயோ. ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஆனா இவரை அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். ஏன் வரல?"

கன்னையா பச்சைத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரும் திரும்பக் கேட்கவில்லை.

காயத்தைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்கள். பொருக்கு பிரிந்து இரத்தம் வந்தது. பிறகு காயத்தைச் சுற்றி ஊசியால் குத்திக் குத்தி மருந்தை இறக்கினார்கள். கன்னையா சத்தமே போடவில்லை. கட்டில் இரும்பைப் பிடித்திருந்த அவருடைய இடது கை மட்டும் வெளுத்துப் போயிருந்தது. இன்னொரு கையில் தடுப்பூசி போட்டார்கள். எந்தெந்த நாளில் மறுபடி வரவேண்டும் என்று சொன்னார்கள். ஒன்றைக்கூட விடக்கூடாது என்றார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்னும்போது அவர் கேட்டார்.

"ஊர்ல எல்லாரும் போட்டுக்கினாங்களா?"

"போட்டுக்கினாங்க. பால் குடிச்சவங்க, குடிக்காதவங்க எல்லாரும்."

"ஓ."

இட்லியைப் பிட்டவர் வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் எம்ஞாபகம் வர்லியா?"

பொய் சொல்ல அவளுக்கு இரண்டு மூன்று வார்த்தைகள் கிடைத்தன. "எனக்கே வர்லண்ணா," என்றாள். "எனக்கு ஊசி போட்டு முடிச்சப்பறம் நர்சு கேட்டாங்க. அப்பதான் வந்துச்சி."

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று அதற்கு அர்த்தமா, சரி அவ்வளவுதானே என்று அர்த்தமா, அவளுக்குத் தெரியவில்லை. மீதி இட்லியைத் தின்று முடித்தார்.

போன் அடித்தது. லோகேஸ்வரன். கிடைத்தாரா என்று கேட்டான். கிடைத்தார், ஊசி போட்டாகிவிட்டது என்றாள். "அண்ணன்கிட்ட குடு," என்றான். கொடுத்தாள். அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. கன்னையா, "உடு லோகேசு, உடு. நீயும் போட்டுக்கினல்ல?" என்று மட்டும் சொன்னார்.

லேப் ரிசல்ட் அடுத்த வாரம் வந்தது. ரேபிஸ்தான். அது வந்தபோது ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசிப் பேசி ஓய்ந்திருந்தார்கள். டாக்டர் ஹரிதா தெருத்தெருவாக நாய்களுக்கு ஊசி போட்டாள். பால் வண்டி ஆடி மாதம் முழுவதும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றது. லோகேஸ்வரன் தன் விரல்களைப் பார்ப்பதை நிறுத்த இன்னும் சில வாரங்கள் ஆயின. அவன் ஆலைக்குத் திரும்பியபோது, பக்கத்தில் உட்கார்ந்து சீவ இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள்.

கன்னையாவின் காய்ச்சல் டெங்கு என்று தெரிந்து, அவரைச் சில நாள் படுக்க வைத்திருந்தார்கள். தாட்சாயணி பஸ்ஸில் போய்ப் போய் வந்தாள். அடுத்தடுத்த ஊசிகளை அவர் திருப்பதியிலேயே போட்டுக்கொண்டார். கடைசி ஊசி அன்றைக்கு அவளும் கூடவே இருந்தாள். ஊருக்கு வாண்ணா, வீட்டிலேயே தங்கிக்கொள் என்று கூப்பிட்டாள். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். "அப்புறமா வரேம்மா," என்றார். அவர் வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை பால் சென்டரில் வரிசை நின்றுகொண்டிருந்தது. ஊற்றுவதற்குப் பால் இல்லாவிட்டாலும் தாட்சாயணி அங்கே போனாள். கன்னையாண்ணனுக்கு எல்லா ஊசியும் போட்டு முடித்தாயிற்று, நன்றாக இருக்கிறார் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. கேனை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர்ந்தது.

அவள் திரும்பி நடந்தபோது நாராயணசாமி மட்டும் பின்னால் வந்தார். வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டே, "அவனுக்கு அந்தக் கை இப்ப எப்பிடி கீது?" என்று கேட்டார்.

"ஆறிடிச்சி, மாமா," என்றாள் அவள்.

"அவன் நெம்பர் இருந்தா குடேன்," என்றார்.